குறைமாதப் பிள்ளையின் தைரொயிட்: ஒரு தடவை பார்த்தால் போதுமா?

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதில் இரண்டு வழி உண்டு. பிறந்த முதல் சில நாட்களில் குதிக்காலில் குத்தி எடுக்கும் சொட்டு இரத்தத்தோடு விட்டுவிடுவது ஒன்று. இரண்டு கிழமை கழித்து இன்னொரு தடவை பார்ப்பது மற்றது. வெருகலில் இருந்தோ மூதூரில் இருந்தோ திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு இந்த இரண்டாவது வழி பெரிய அலைச்சல்தான். இருந்தும் நான் அதன் பக்கமே நிற்பேன்.

நிறைமாதப் பிள்ளையின் தைரொயிட் சரியாக வேலை செய்யாவிட்டால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான ரீ.எஸ்.எச். (TSH) அளவை உடனே கூட்டிவிடும். முதல் சோதனையிலேயே பிடிபடும். 28 கிழமையில் பிறந்த பிள்ளைக்கு இந்த ஏற்பாடே இன்னும் முதிரவில்லை. தைரொயிட்டில் குறை இருந்தாலும் ரீ.எஸ்.எச். ஏறச் சில கிழமைகள் எடுக்கலாம்; அதற்குள் எடுத்த இரத்தம் 'எல்லாம் சரி' என்று வந்துவிடும். இரத்த அழுத்தத்தைக் கூட்டத் தரும் டோபமினும் ஸ்டீரொயிட் மருந்துகளும் ரீ.எஸ்.எச்.ஐ அமுக்கி வைக்கும். போதாததற்கு, தோலில் பூசும் அயோடின் கிருமிநாசினி அந்த மெல்லிய தோல் வழியே உள்ளே போய்த் தைரொயிட்டைக் கொஞ்சக் காலம் முடக்கவும் கூடும்.

'ஏதும் தெரிந்தால் காட்டுவோம்' என்று மூன்றாவது வழி சொல்வோரும் உண்டு. இதை நான் ஏற்கவே மாட்டேன். "பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுது, ஒரு கரைச்சலும் இல்லை" என்று அம்மம்மா சந்தோஷப்படுவதே சில வேளை நோயின் அடையாளமாக இருக்கும். நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், பால் குடிக்கச் சோம்பல் எல்லாம் தைரொயிட் குறை இல்லாத குறைமாதப் பிள்ளைக்கும் வருபவை. கண்ணால் பிரித்தறிய முடியாது.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது. மருந்து தொடங்குவதா, பொறுத்திருப்பதா? ரீ.எஸ்.எச். ஏறி, தைரொயிட் சுரக்கும் தைரொக்சின் ஹோர்மோனான ரீ4 (T4) குறைந்திருந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது; வளரும் மூளைக்கு அது இழப்பு. ரீ4 மட்டும் குறைந்து ரீ.எஸ்.எச். சாதாரணமாக இருந்தால் கதை வேறு. பெரும்பாலும் அது முதிராமையால் வருவது, தானாக ஏறிவிடும். 1997இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 30 கிழமைக்கு முன் பிறந்த 200 பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தைரொக்சினை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வயதில் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. 27 கிழமைக்கும் முன் பிறந்தவர்களுக்கு நன்மை போலவும், அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத் தீமை போலவும் இருந்தது. ஆகவே எல்லோருக்கும் கொடுத்துவைப்போம் என்பது சரியான யோசனை அல்ல. பொறுத்திருந்து திரும்பப் பார்ப்பதே நல்லது. ரீ.எஸ்.எச். இலேசாக மட்டும் ஏறியிருந்தால் வைத்தியர்களிடையே கருத்து வேறுபடும். ஓரிரு கிழமையில் மறுபடி சோதிக்கச் சொன்னால் தவறாமல் போங்கள்.

அரச ஆஸ்பத்திரியா, தனியார் லாப்பா? எங்கே எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'சாதாரண அளவு' பெரியவர்களுக்கானதாக இருக்கலாம். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் அடையவும் வேண்டாம்.

மருந்து வாழ்நாள் முழுக்கவா என்றால், குறைமாதப் பிள்ளைகள் பலருக்கு இது தற்காலிகமானது. மூன்று வயதளவில் வைத்தியர் நிறுத்திப் பார்த்து முடிவு சொல்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தைரொக்சின் குளிசையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்துக் கரண்டியாலேயே கொடுங்கள். போத்திலில் கலந்தால் அடியில் தங்கிப் பாதி வீணாகும். குறைமாதப் பிள்ளைக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துத் துளியும் தருவார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தைரொக்சின் உடம்பில் சரியாகச் சேராது. தைரொக்சின் காலையில், இரும்புச்சத்து பின்னேரத்தில்.