மானெக்‌ஷா லெட்டர்னு 42,000 கொடுத்து ஏமாந்தேன், டெல்டா பக்கம் கலெக்ட் பண்றவங்க கொஞ்சம் படிங்க

சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா சொல்லலன்னா இன்னும் நாலு பேரு மாட்டுவாங்க. நான் கும்பகோணம். பதினஞ்சு வருஷமா சேக்குறேன், முதல்ல ஸ்டாம்ப், அப்புறம் பழைய கவர், இப்போ ராணுவ ஜெனரலுங்க கையெழுத்து போட்ட லெட்டர். அதாவது நேத்து ஆரம்பிச்ச ஆளு இல்ல, அதான் இன்னும் எரியுது.

தை மாசம் தஞ்சாவூர்ல ஒரு நாணயக் கண்காட்சியில ஒருத்தர் பழக்கமானார். பேரு போடல. வாய்க்கு வாய் அண்ணே, அண்ணேதான். ஒரு வாரம் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினார். மன்னார்குடி பக்கம் ஒரு விவசாயியாம், அவரு பையன் 71 பாகிஸ்தான் சண்டையில அடிபட்டு மிலிட்டரி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அப்போ ராணுவத் தளபதியா இருந்த சாம் மானெக்‌ஷாவே அந்த அப்பாவுக்கு ஆறுதல் சொல்லி எழுதின லெட்டராம், டைப் அடிச்சு கீழ நீல மையில கையெழுத்து, தேதி 9-2-1972. இடது பக்கம் கீழ மூலையில பிறை மாதிரி ஒரு காபி கறை வேற. கடைமடைக்கு ஒழுங்கா தண்ணி வரல, பேரன் போர் போடணும், அதான் விக்கிறாங்கன்னு சொன்னார் (சண்டை போர் இல்ல, போர்வெல்).

அந்த காபி கறையிலதான் நான் விழுந்தேன். ஒரு அப்பா அந்த லெட்டரை கையில வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப படிச்சு டம்ளரை அது மேலயே வச்சிருக்கார்னு நானே ஒரு கதை ஓட்டிக்கிட்டேன், மீதிய அவரு சொல்லவே வேணாம்.

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில கை மாறுச்சு. லெட்டர் லேமினேட் பண்ணி ஃப்ரேம்ல இருந்துச்சு. கழட்டி காட்டுங்கன்னேன், "பூச்சி அரிச்சிரும்னு அவங்க வீட்லயே போட்டது, கிழிச்சா மதிப்பு போயிரும்ணே"ன்னார். கூடவே ஒரிஜினல்தான்னு ஒரு சர்டிஃபிகேட், தங்க கலர் ஸ்டிக்கர் ஒட்டி. அது அவரே பிரிண்ட் எடுத்ததுன்னு இப்போ தெரியுது. ஜிபேல 42,000 போட்டேன்.

மறுநாள் எங்க தெருவுல இருக்க ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர்கிட்ட பெருமையா காட்டினேன். கையெழுத்தை அவரு பாக்கவே இல்ல, நேரா மேல லெட்டர்ஹெட்டுக்கு போனார். நியூ டெல்லி 110011னு இருந்துச்சு. "ஏம்ப்பா, பின் கோடு வந்ததே 72 ஆகஸ்ட் 15தானே, இது பிப்ரவரியில எழுதினதுங்கற? அப்பல்லாம் மெட்ராஸ்-17னுதானே போடுவோம்?" எனக்கு காது அடைச்சுப் போச்சு.

அப்புறம்தான் கையெழுத்துக்கு கீழ டைப் அடிச்சிருந்தத ஒழுங்கா படிச்சேன், ஃபீல்ட் மார்ஷல்னு இருக்கு, ஜெனரலுக்கும் மேல உள்ள பட்டம். அவரு ஃபீல்ட் மார்ஷல் ஆனது 1973 ஜனவரியில. 72ல ஜெனரல்தான். இதுல கொடுமை என்னன்னா என்கிட்டயே பழைய ராணுவத் தளபதி கரியப்பாவோட 1978 லெட்டர் ஒண்ணு இருக்கு, அதுல ஜெனரல்னுதான் இருக்கும், ஏன்னா அவருக்கு அந்த பட்டம் 86லதான் வந்துச்சு, இதை நானே பத்து பேருக்கு வகுப்பு எடுத்திருக்கேன்!

பிளேடால லேமினேஷனை கிழிச்சு லென்ஸ் வச்சு பாத்தா நீல மை இல்ல, பிரிண்டர் அடிக்கிற குட்டி குட்டி புள்ளிங்க. பேனா அழுத்தின தடம் பின்னாடி இல்லவே இல்ல. காபி கறையும் புள்ளிதாங்க.

போன் போட்டேன். "நான் வாங்கினத கொடுத்தேன், ஒரிஜினல்னு நான் எப்ப சொன்னேன்"ன்னார், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் டெலீட், அப்புறம் பிளாக். சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிச்சு கம்ப்ளைன்ட் பதிஞ்சாச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் கையில இருக்கு.

சும்மா விட மனசில்லாம நண்பர் நம்பர்ல இருந்து வேற என்ன இருக்குன்னு கேட்டோம். உடனே ஒரு லெட்டர் வந்துச்சு, 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்து நம்ம சரபோஜி மன்னருக்கு எழுதினதாம், கீழ வெலிங்டன்னு கையெழுத்து. அந்த பிரிட்டிஷ் ஆளு அப்போ கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, வெலிங்டன்ங்கற பட்டமே 1809ல தலவேரா சண்டைக்கு அப்புறம் கிடைச்சது, பத்து வருஷம் முன்னாடியே எப்படி கையெழுத்து போட்டாரோ. 75 வருஷத்துக்கு மேல ஆன இந்த மாதிரி ஆவணம் விக்க லைசென்ஸ் வேணுமே, இருக்கான்னு கேட்டோம். புளூ டிக் வந்துச்சு, பதில் வரல. ஆளைப் பாத்துத்தான் கதை பண்றார், மன்னார்குடி விவசாயியும் சரபோஜியும் நம்ம ஊர்க்காரனுக்காக தச்ச சட்டை.

போன வாரம் புதுக்கோட்டையில இருந்து ஒரு நண்பர் அவர் வாங்கின மானெக்‌ஷா லெட்டர் போட்டோ அனுப்பினார். அப்பா பேரு வேற, ஊரு அறந்தாங்கி பக்கம். தேதி அதே 9-2-1972. இடது பக்கம் கீழ மூலையில அதே பிறை.

உங்ககிட்ட யாராவது காட்டினா முதல்ல அந்த மூலையப் பாருங்க.