பித்தளை மைக்கூடா, கண்ணாடி பேப்பர்வெயிட்டா?

கிருஷ்ணகிரியில் பழைய மேசைப் பொருள்கள் சேர்க்கத் தொடங்குகிறவருக்கு என் ஓட்டு பித்தளை மைக்கூட்டுக்கே. பழைய பாத்திரக் கடைக் குவியலில் கண்ணில் பட்டால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு. மூடியின் கீலில் தேய்மானமும் அடியில் காய்ந்த மைக்கறையும் இருந்தால் நம்பிக்கை கூடும். வாங்கியதும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பல ஆண்டுகளாக ஏறிய நிறம் போனால் மதிப்பும் போகும். (வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.)

பேப்பர்வெயிட் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சேகரிப்பாளர்கள் தேடுவது 1840-களில் பிரான்சின் பக்காரா, சான் லூயி ஆலைகள் செய்தவற்றை. அவை தருமபுரிச் சந்தைக்கு வரப்போவதில்லை. அடிப்பக்கக் கீறல்கள் ஒரே திசையில் ஓடினால், பழசு போலக் காட்டச் செய்த உப்புத்தாள் வேலையாக இருக்கலாம். வாங்கினாலும் சன்னலோரம் வைக்காதீர்கள். வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கிவிடும்.