கணினிசார் நிதியியல் மேற்படிப்புக்கு ஆலோசனை நிறுவனம்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

அமெரிக்காவில் கணினிசார் நிதியியல் (கணிதமும் நிரலாக்கமும் கொண்டு நிதிக் கணக்குகளைப் போடும் துறை) முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக, அண்ணா நகரில் இயங்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் முழுத் தொகுப்புச் சேவையைச் சென்ற சேர்க்கைப் பருவத்தில் எடுத்திருந்தேன். கட்டணம் 35,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பல்கலைக்கழகத் தேர்வு, ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பிப்பவர் எழுதும் நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், விண்ணப்பப் பதிவேற்றம், கல்விக் கடன், விசா ஆகிய எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நகரில் வேறு நிறுவனங்களுக்குப் போன நண்பர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள் என்பதால், பெயரைவிடச் சேவையின் தன்மையைத் தெரிந்துகொள்வதே படிப்பவருக்குப் பயன்படும். என் மதிப்பீடு இதுதான்: ஆவண வேலையில் இவர்கள் கைதேர்ந்தவர்கள், ஆனால் இந்தப் படிப்பு என்ன என்பதை அறியாதவர்கள். எந்த வேலையை அவர்களிடம் விடுவது, எதை விடக்கூடாது என்பது இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பெயர்களில் இருக்கும் முன்னெழுத்துச் சிக்கலை முதல் சந்திப்பிலேயே எடுத்துப் பேசியது இந்த நிறுவனம்தான். மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கிறது; கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. இப்படியே விண்ணப்பித்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் முழுவதும் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், இயற்பெயரின் இடத்தில் பெயர் அறியப்படவில்லை என்பதற்கான மூன்றெழுத்துக் குறியீடு வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு வங்கிக் கணக்கு தொடங்கி ஓட்டுநர் உரிமம் வரைக்கும் அந்தக் குறியீடு நம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். கடவுச்சீட்டைத் திருத்தி வாங்கிய பிறகே தேர்வுகளுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று அங்கே பணியாற்றும் பெண்மணி வரிசைப்படி எழுதிக் கொடுத்தார். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அதிகாரபூர்வ மதிப்பெண் சான்று வாங்க என்னென்ன இணைக்க வேண்டும், முத்திரையிட்ட உறை எத்தனை கேட்க வேண்டும், எதை முன்கூட்டியே செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த ஒரு வேலைக்கே அவர்களுக்குப் பணம் கொடுக்கலாம்.

கடன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். வட்டி கூடுதலாக இருக்கும் தனியார் நிதி நிறுவனங்களின் பக்கமே பேச்சை நகர்த்துகிறார்கள். பொதுத்துறை வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட சில பல்கலைக்கழகங்களுக்கு அந்த வங்கிகளிலேயே விதி தளர்வு உண்டு என்பதைக் கிளை மேலாளரிடம் நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடித்தம் கிடையாது என்பதை மட்டும் அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்.

இனிப் படிப்புக்கு வருகிறேன். அவர்கள் நிரப்பித் தரச் சொன்ன தகவல் படிவத்தில் சிஜிபிஏவுக்கு ஒரு கட்டம், ஜிஆர்இ மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம், நிலுவைத் தாள்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், குடும்பத்தின் ஆண்டு வருமானத்துக்கு ஒரு கட்டம் இருந்தன. கல்லூரியில் எந்தெந்தக் கணிதத் தாள்களைப் படித்தேன், எந்த மொழியில் நிரல் எழுதத் தெரியும் என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. இந்தத் துறைக்கான விண்ணப்பத்தில் அடிப்படையே அவைதாம் என்பதால், அந்தப் படிவத்தைப் பார்த்ததுமே எனக்குக் கவலை வந்துவிட்டது.

அதிலிருந்து உருவான பல்கலைக்கழகப் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. பாதிக்கு மேல் வணிக மேலாண்மைப் பள்ளிகளின் பொது நிதியியல் படிப்புகள். மீதி, வணிகப் பகுப்பாய்வு. கணினிசார் நிதியியல் என்பது இவற்றின் தம்பி அல்ல. நிகழ்தகவு, சமவாய்ப்பு நுண்கணிதம், எண்ணியல் முறைகள், மான்டே கார்லோ உருவகப்படுத்தல் (சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பல சாத்தியங்களை ஓட்டிப் பார்க்கும் முறை), காலத்தொடர்ப் பகுப்பாய்வு, இவற்றையெல்லாம் சி பிளஸ் பிளஸ், பைதான் ஆகியவற்றில் ஓடவைக்கும் திறமை ஆகியவைதாம் இதன் உடம்பு. 1994இல் தொடங்கிய கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத் திட்டத்தைக் கணிதம், புள்ளியியல், வணிகவியல், பொதுக்கொள்கை ஆகிய நான்கு பிரிவுகளின் கல்லூரிகள் சேர்ந்து நடத்துகின்றன. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் இதே படிப்பைப் பயன்பாட்டுக் கணிதத் துறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நியூயார்க்கின் பரூக் கல்லூரி நேர்காணலில் கணிதக் கேள்விகள் கேட்கும். இந்த மூன்றில் ஒன்றுகூட அவர்கள் முதலில் தந்த பட்டியலில் இல்லை. நானாகக் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. இத்தகைய நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பகுதி, மாணவரைச் சேர்த்துவிட்டதற்காகச் சில பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் தரகுத் தொகை. முன்வரிசையில் இருக்கும் குவான்ட் (கணிதம் சார்ந்த நிதியியல்) படிப்புகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்க எவரும் தேவையில்லை. ஆகவே, பட்டியலைப் பார்த்ததும் எந்தெந்தப் பல்கலைக்கழகத்தோடு உங்களுக்கு ஒப்பந்தம் உண்டு என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது, சற்றுத் தயங்கினாலும், பொய் சொல்லாமல் குறித்துக் காட்டினார்கள். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பட்டியல் மாறுவதால் பணத்திலும் எதிர்காலத்திலும் வரும் வேறுபாடு சிறியதன்று. படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் வேலை செய்ய எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு 12 மாத அனுமதி கிடைக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகைப் பட்டமாக இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அமெரிக்கப் பாடப்பிரிவுக் குறியீடுகளில் நிதிக் கணிதம் என்ற 27.0305 குறியீட்டில் வரும் பட்டம் அந்த வகையில் சேரும். பொது நிதியியல் என்ற 52.0801 குறியீட்டில் வருவது சேராது. கடனை அடைக்கக் கிடைக்கும் காலம் ஓராண்டா மூன்றாண்டா என்பது இந்த எண்ணில் இருக்க, பட்டியலில் அதற்கென்று ஒரு நெடுவரிசையைக்கூட அவர்கள் போட்டிருக்கவில்லை.

நானே உட்கார்ந்து செய்த வேலைகளில் மிகவும் பயன்பட்டது, கணிதத் தாள்களின் விவரப் பக்கம். நல்ல திட்டங்கள் எல்லாமே பலமாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நுண்கணித அடிப்படையிலான நிகழ்தகவு ஆகியவற்றை முன்தேவையாகக் கேட்கின்றன. அண்ணா பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலிலோ இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ் ஒன்று, இரண்டு என்றுதான் இருக்கும். 2017 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) ஈசிஈ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) படித்த என்னுடைய முதல் பருவத் தாளுக்குள் பலமாறிச் சார்புகளும், பன்மடங்குத் தொகையீடும், வகைக்கெழுச் சமன்பாடுகளும் தனித்தனி அலகுகளாக இருந்தன. ஆனால் கார்னகி மெல்லன் இருக்கும் பிட்ஸ்பர்க்கில் உட்கார்ந்து என் பட்டியலைப் புரட்டுபவருக்கு அது எப்படித் தெரியும்? மூன்றாம் பருவத் தாளின் முதல் மூன்று அலகுகள் திசையன் வெளிகள், நேரியல் உருமாற்றங்கள், உட்பெருக்க வெளிகள் என்று நேரியல் இயற்கணிதமாகவே அமைந்தவை. நான்காம் பருவத்தில் ப்ராபபிலிட்டி அண்ட் ரேண்டம் ப்ராசஸஸ். இவற்றை ஒரே பக்கத்தில், இடப்புறம் அவர்கள் கேட்கும் முன்தேவை, வலப்புறம் நம் தாளின் குறியீடு, அலகுகள், பாடநூல், பெற்ற கிரேடு என்று எழுதி இணைத்தேன். பல விண்ணப்பங்களில் இதற்கென்றே இடம் இருக்கிறது. இல்லாத இடத்தில் கூடுதல் ஆவணமாக ஏற்றலாம். மெக்கானிக்கல் படித்த என் நண்பனுக்கு அதே ரெகுலேஷனில் நேரியல் இயற்கணிதத்துக்குத் தனித்தாள் கிடையாது, ஆனால் புள்ளியியலும் எண்ணியல் முறைகளும் என்ற தாள் உண்டு. அவன் குறையை, ஐஐடிகள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றை எடுத்து, தேர்வும் எழுதி நிரப்பினான். இந்தப் பக்கத்தைத் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணமே ஆலோசனை நிறுவனத்தில் யாருக்கும் வரவில்லை என்பதுதான் அவர்கள் சேவை மீது என் முதன்மையான குறை.

இரண்டாவது குறை நோக்க அறிக்கை. அலுவலகத்தில் ரிஸ்க் பிரிவில் வேலை பார்க்கும்போது, மான்டே கார்லோ முறையில் ஆப்ஷன் (பங்கு போன்றவற்றைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலை கணக்கிடும் ஒரு நிரலைச் சீராக்கினேன். அந்த முறையில் பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் உருவகப் பாதைகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும், நேரமும் அதே அளவு கூடும். ஒவ்வொரு சமவாய்ப்பு எண்ணோடும் அதன் எதிர்மறை எண்ணையும் சேர்த்து எடுப்பதன் மூலம் பாதைகளைக் கூட்டாமலே பிழையைக் குறைத்தேன். என் அறிக்கையின் நடுப்பகுதி முழுவதும் இதுதான். நிறுவனத்தின் எழுத்துப் பிரிவிலிருந்து திரும்பி வந்த வரைவில் அந்தப் பத்தி இல்லை. அதற்குப் பதிலாக, சிறு வயதில் தாத்தாவோடு உட்கார்ந்து பங்குச் சந்தைச் செய்திகளைப் பார்த்ததால் எண்கள் மீது காதல் பிறந்தது என்று ஒரு பத்தி முளைத்திருந்தது. என் தாத்தா விவசாயி. பங்குச் சந்தையோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை.

“தம்பி, அதெல்லாம் அவங்களுக்குப் புரியாது, கதை மாதிரி இருந்தாத்தான் படிப்பாங்க” என்றார் எழுத்துப் பிரிவின் பெரியவர்.

“சார், இதைப் படிக்கப் போறவங்கள்ல கணிதப் பேராசிரியர்களும் இருக்காங்க; அவங்களுக்குப் புரியறதுக்காகத்தான் எழுதியிருக்கேன்” என்று சொல்லி, பழைய பத்தியையே மீண்டும் வைத்தேன். அவர் கோபப்படாமல் இலக்கணத்தை மட்டும் திருத்திக் கொடுத்தார். அந்தத் திருத்தம் தரமானது.

பரிந்துரைக் கடிதத்தில் கறாராக இருங்கள். பேராசிரியர்களுக்குப் பதிலாகக் கடிதத்தை எழுதித் தருவதாகவும் அவர்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் சொன்னார்கள். கடிதத்தைப் பதிவேற்றுவதற்கான பல்கலைக்கழகத்தின் இணைப்பு நேராகப் பேராசிரியரின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். கல்லூரியின் அதிகாரபூர்வ முகவரி இல்லாமல் ஜிமெயில் முகவரி கொடுத்தால் கடிதத்தின் மதிப்பே குறையும். என் துறைத் தலைவரைப் பார்த்து, அவர் வழிகாட்டிய இறுதியாண்டுத் திட்டத்தின் அறிக்கையை மீண்டும் கையில் கொடுத்து, அவரே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நேரம் எடுத்தது, ஆனால் எழுதிக் கொடுத்தார். தன்னிடம் படித்தவனைப் பற்றி ஆசிரியர் தாமே எழுதும் நான்கு வரிக்கு ஈடாக எந்த நிறுவனமும் எழுதிவிட முடியாது.

சித்தி மகளையும் ஒருமுறை உடன் அழைத்துப் போயிருந்தேன். அவள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்றாண்டு பி.எஸ்சி. கணிதம் படித்தவள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலைப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன, சில மூன்றாண்டையும் ஏற்கின்றன. இது ஒவ்வொரு துறையின் சேர்க்கை அலுவலகத்துக்கும் நேராக எழுதிக் கேட்க வேண்டிய விஷயம். அங்கேயோ, தாங்கள் விற்கும் ஓராண்டு இணையவழிச் சான்றிதழ் ஒன்றைச் சேர்ந்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். முடித்ததற்கான சான்றிதழ் வேறு, பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் கிரெடிட்டாக ஏறும் முதுநிலைச் சான்றிதழ் வேறு. நிதிக் கணித அறிஞர் பால் வில்மாட் 2003இல் தொடங்கிய சிக்யூஎஃப் சான்றிதழ் போன்றவை வேலையில் இருப்பவருக்குப் பயன்படும் தொழில்முறைத் தகுதிகளே ஒழிய, இளநிலைப் பட்டத்தில் குறையும் ஓராண்டை ஈடுகட்டுபவை அல்ல. வேர்ல்டுகுவான்ட் பல்கலைக்கழகம் நிதிப் பொறியியல் முதுநிலைப் படிப்பைக் கல்விக் கட்டணமே இல்லாமல் இணையவழியில் நடத்துகிறது என்பதையும் அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை. கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது, அங்கே நிதியியல் சார்ந்த முதுநிலைப் படிப்பு உண்டு. சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. ஒன்று இந்த நகரத்துக்குள்ளேயும் மற்றது அதன் புறநகரிலும் இருக்கின்றன. அவள் இப்போது இங்கேயே முதுநிலை முடித்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு வெளிநாட்டைப் பார்க்கலாம் என்று தயாராகிக்கொண்டிருக்கிறாள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

முதன்முதலில் விவரம் தேடுபவர், அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் இயங்கும் யுஎஸ்ஐஇஎஃப் (அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை) அமைப்பின் கல்வி ஆலோசனைப் பிரிவை முதலில் அணுகுவது நல்லது. எந்தப் பல்கலைக்கழகத்திடமும் தரகு வாங்காத இடம் என்பதால் அங்கே கிடைக்கும் தகவலில் சாய்வு இருக்காது. கணிதத் தாள்களை அவர்கள் உங்களுக்காக அலசித் தரமாட்டார்கள், அது உங்கள் வேலைதான்.

விசாக் கட்டத்தில் மீண்டும் அண்ணா நகர் நிறுவனத்துக்கே முழு மதிப்பெண். ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) வந்தவுடன் 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம், படிவத்தில் ஒவ்வொரு எழுத்தும் கடவுச்சீட்டோடு பொருந்துகிறதா என்ற சரிபார்ப்பு, வங்கி ஆவணங்களின் அடுக்கு, மாதிரி நேர்காணல் என்று ஒரு பிசகும் இல்லாமல் நடத்தினார்கள். மாதிரி நேர்காணலில் என் படிப்பைப் பற்றி என்னையே இரண்டு வாக்கியத்தில் விளக்கச் சொன்னார்கள். மான்டே கார்லோவைச் சொன்னேன். இந்த முறை யாரும் வெட்டச் சொல்லவில்லை.

முழுத் தொகுப்பை எடுக்காதீர்கள். ஆவணமும் விசாவும் மட்டும் என்று கேட்டால் 12,000 ரூபாய்க்குத் தனியாகச் செய்து தருகிறார்கள், பெயர்த் திருத்த வழிகாட்டலும் அதற்குள் அடக்கம். வரவேற்பறையில் ஒட்டியிருக்கும் கட்டணப் பட்டியலில் அந்த வரி இல்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.