"டேட்டா எதுவும் போகாது சார்": பார்ட்டிஷன் அளவை மாற்ற ஆள் கூப்பிடும் முன் படியுங்கள்

சி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டுகிறது, டி-யில் இடம் சும்மா கிடக்கிறது, ஆளைக் கூப்பிட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வீட்டுக்கு அப்படி வந்த ஒரு சர்வீஸ்காரர் டி டிரைவை மொத்தமாகக் காலி செய்துவிட்டுப் போனார். வேலை கெட்டுப்போனதுகூடப் பரவாயில்லை. கெட்ட பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்தது 1 டிபி ஹார்ட் டிஸ்க். தட்டு சுழலும் பழைய ரகம், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி அல்ல. வாங்கும்போதே சி-க்கு 100 ஜிபி, மீதியெல்லாம் டி-க்கு என்று பிரித்துத்தான் கொடுத்தார்கள். இப்படிப் பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் பார்ட்டிஷன் என்று பெயர். விண்டோஸ் அப்டேட் இடம் போதாது என்று திரும்பத் திரும்ப நின்றுபோனது. வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, "பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிக்கலாமா? எக்ஸ்டர்னல் டிஸ்க் கையில இருக்கு" என்பதுதான்.

"அதெல்லாம் வேண்டாம் சார். ஃபார்மட் பண்ணினாத்தான் டேட்டா போகும். இது சும்மா சைஸ் மாத்துறது. டெய்லி பண்ற வேலை" என்றார்.

சும்மா சைஸ் மாற்றுவது அல்ல அது. விண்டோஸிலேயே டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் டி-யை ஷ்ரிங்க் செய்தால், அதாவது சுருக்கினால், காலி இடம் டி-யின் வால் பக்கம்தான் கிடைக்கும். சி-யை நீட்ட வேண்டுமானால் காலி இடம் சி-யின் வலப்பக்கத்தை ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் டி உட்கார்ந்திருப்பதால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற வரி மங்கலாகவே நிற்கும், அழுத்த முடியாது. அவருக்கும் அப்படித்தான் நின்றது. உடனே பென் டிரைவில் கொண்டுவந்திருந்த வேறொரு மென்பொருளைப் போட்டு, டி-யின் இடது ஓரத்தை மவுஸால் பிடித்து வலப்பக்கம் இழுத்தார்.

திரையில் பார்த்தால் தடுப்புச் சுவரைக் கொஞ்சம் தள்ளி வைத்த மாதிரிதான் இருக்கும். உள்ளே நடப்பது, பக்கத்து வீட்டுச் சாமான் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்தி வைக்கும் வேலை. டி-யின் ஆரம்பம் 100 ஜிபி தள்ளிப் போக வேண்டுமென்றால், டி-யில் இருக்கும் தரவு முழுவதையும் படித்து, அதே டிஸ்க்கில் தள்ளி எழுதியாக வேண்டும். நூற்றுக்கணக்கான ஜிபி இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். அது முடியும்வரை பாதித் தரவு பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் இருக்கும். இடையில் கரண்ட் போனாலோ யாராவது நிறுத்தினாலோ இரண்டு பாதியும் ஒட்டாது. இதை வேலை தெரிந்த எவரும் முதலிலேயே சொல்லியிருப்பார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்ளை கொடுத்ததும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, கறுப்புத் திரையில் சதவீதம் ஓட ஆரம்பித்தது. முதலில் விறுவிறுவென்று ஏறியது, பிறகு ஒரே எண்ணில் நின்றது. அவருக்கு அடுத்து வேலைக்குப் போக வேண்டிய வீட்டிலிருந்து போன் மேல் போன். "ஹேங் ஆயிடுச்சு சார்" என்று பவர் பட்டனில் விரலை வைத்தார். கேபினட் முகப்பில் இருந்த சிறு விளக்கு அப்போதும் விடாமல் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது, உள்ளே டிஸ்க் கரகரவென்று ஓடும் சத்தமும் கேட்டது. "லைட் எரியுது பாருங்க, வேலை நடக்குதுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விரலை அழுத்தி அணைத்துவிட்டார்.

மறுபடி போட்டதும் விண்டோஸ் ஒழுங்காக வந்தது. சி-யை அந்த மென்பொருள் இன்னும் தொடவே இல்லை. டி-யைத் திறந்தால், இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்ற பெட்டி. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே 'ஃபார்மட்' பட்டனை அழுத்தி, 'ஸ்டார்ட்' கொடுத்து, எச்சரிக்கைக்கு 'ஓகே'யும் கொடுத்தார். ஃபார்மட் பண்ணினால்தான் டேட்டா போகும் என்று சற்று முன்புதான் எனக்குப் பாடம் எடுத்த அதே மனிதர்.

அடுத்து வந்த வசனம்: "உங்க ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே பேட் சார், அதான். டேட்டா ரெக்கவரி நம்மகிட்டயே இருக்கு, தனி சார்ஜ் ஆகும். டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டுப் போறேன்." வந்ததற்கான கட்டணத்தையும் முழுதாகக் கேட்டார். நான் டிஸ்க்கையும் தரவில்லை, பணமும் தரவில்லை. அவர் கத்திவிட்டுப் போனார். அதன்பிறகு என் போனை எடுப்பதில்லை.

டிஸ்க் கெட்டது என்பது பச்சைப் பொய். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். செக்டர் என்பது டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு கட்டம். கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர் பூஜ்யம், சந்தேகத்தில் ஒதுக்கக் காத்திருக்கும் செக்டரும் பூஜ்யம் என்று என் டிஸ்க் காட்டியது. உங்களிடம் யாராவது இதே கதையைச் சொன்னால் அந்த இரண்டு வரிகளைக் காட்டச் சொல்லுங்கள். வேலையைத் தொடங்கும் முன்பே ஒருமுறை பார்த்துப் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

இந்தத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் பிறகு காப்பாற்றினார். அவர் முதலில் செய்தது, என் டிஸ்க்கை அப்படியே செக்டர் செக்டராக இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தது. எல்லா முயற்சியும் பிரதியில்தான், அசலைத் தொடவில்லை. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பழைய பார்ட்டிஷனின் எல்லையைக் கண்டுபிடித்தது. ஆனால் உள்ளே பாதி இங்கே பாதி அங்கே என்று இருந்ததால் ஃபோல்டர்களைக் கட்ட முடியவில்லை. கடைசியில் அதன் கூடவே வரும் ஃபோட்டோரெக். அது கோப்பின் ஆரம்பத்தில் இருக்கும் அடையாளத்தை மட்டும் வைத்துத் தேடி எடுக்கும். படங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை, எல்லாம் நீளநீளமான எண்கள். கேமரா படத்துக்குள்ளேயே பதித்த தேதி இருப்பதால் வருடவாரியாகப் பிரிக்க முடிகிறது, இன்னமும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய வீடியோக்கள் துண்டு துண்டாகக் கிடந்ததால் பலதும் பாதியில் நின்றுவிடுகின்றன.

இவ்வளவாவது மீண்டதற்குக் காரணம், அவர் கொடுத்தது 'குயிக் ஃபார்மட்'. அது புதிதாகப் பட்டியலை மட்டும் எழுதும், அடியில் இருக்கும் தரவை அழிக்காது. அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. எஸ்எஸ்டி-யாக இருந்தால் குயிக் ஃபார்மட்டே போதும் தொலைவதற்கு. ட்ரிம் என்ற கட்டளை போய், இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று சொல்லிவிடும், எஸ்எஸ்டி தானாகத் துடைத்துவிடும்.

இத்தனைக்கும் இந்த வேலையே தேவைப்பட்டிருக்காது. டவுன்லோட்ஸ், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை ப்ராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' போய் டி-க்கு மாற்றிவிடலாம். பழைய விண்டோஸின் மிச்சம் தனி ஃபோல்டராகக் கிடக்கும், டிஸ்க் கிளீனப்பில் அழிக்கலாம். திறந்திருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணையும் ஹைபர்நேஷனைப் பயன்படுத்தாதவர்கள் அதை அணைத்தாலே சில ஜிபி திரும்பும். வேலை தெரிந்தவர் இதிலிருந்துதான் ஆரம்பிப்பார். இதில் அவருக்குக் காசு இல்லை, வேறென்ன சொல்ல.

சி-யைப் பெரிதாக்கியே ஆக வேண்டும் என்றால் அலுப்பான, ஆபத்தில்லாத வழி ஒன்று உண்டு. டி-யில் இருப்பதை எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி செய்து, சில கோப்புகளை அங்கிருந்தே திறந்து பார்த்துவிட்டு, டி-யை டெலீட் செய்து, சி-யை நீட்டி, மிச்ச இடத்தில் புதிதாக டி உருவாக்கித் திரும்பக் காப்பி செய்வது. எதையும் நகர்த்த வேண்டியதில்லை, விண்டோஸில் இருக்கும் கருவியே போதும். டி-யில் புரோகிராம் ஏதாவது இன்ஸ்டால் செய்திருந்தால் மட்டும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆள் உட்கார்ந்து வேலை செய்யும்போது கண் வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. டிஸ்க்கை 'டைனமிக் டிஸ்க்' என்ற வேறு வகைப் பிரிப்பு முறைக்கு மாற்றவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்; மாற்றியபின் திரும்பச் சாதாரண 'பேசிக் டிஸ்க்' ஆக்க விண்டோஸ் கருவியில் அந்த டிஸ்க்கில் உள்ள எல்லா வால்யூமையும், அதாவது சி, டி போன்ற பகுதிகளை, அழிக்க வேண்டிவரும். சி-க்குப் பக்கத்தில் சில நூறு எம்பியில், விண்டோஸ் கெட்டால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் இருந்தால், "இது வேஸ்ட்" என்று அதை டெலீட் செய்ய விடாதீர்கள். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், அந்தப் பார்ட்டிஷன் சிறிதாக இருந்த கம்ப்யூட்டர்களில் ஏறாமல் நின்றது, மைக்ரோசாஃப்ட்டே அதை 250 எம்பி கூட்டச் சொல்லி வழிமுறை வெளியிட்டது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்ட லேப்டாப் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாமல் யாரையும் தொட விடாதீர்கள்.

டிரைவ் திறக்காமல் ஃபார்மட் கேட்டால் 'கேன்சல்' கொடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். அதே டிஸ்க்கில் ரெக்கவரி மென்பொருளை இன்ஸ்டால் செய்வதும் தவறு, மீட்க வேண்டிய கோப்பின் மேலேயே அது போய் உட்காரும். இலவசம் என்று சொல்லும் மென்பொருள்களில் சில, எல்லாவற்றையும் தேடிப் பட்டியல் காட்டிவிட்டு, சேமிக்கப் போகும்போதுதான் பணம் கேட்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கவரிக்கு டிஸ்க்கை வெளியே கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை எழுதி ரசீது வாங்குங்கள். முதலில் பிரதி எடுத்து அதில்தான் வேலை பார்ப்பார்களா என்று கேளுங்கள். மீண்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணம் என்பதை அந்த ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இதற்கு இழுப்பவரிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.