நெல் ஆலைக் கணக்கில் ஹைபர்நேட்: சில போகங்கள் கழித்து

கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குக் கொள்வனவுக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்து, இன்றுவரை நானேதான் அதைப் பராமரிக்கிறேன். ஜாவா மொழி, போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், நடுவில் ஜாவா ஆப்ஜெக்டுகளைத் தரவுத்தள டேபிள்களோடு இணைக்கும் ஹைபர்நேட். 2001 இல் கவின் கிங் தொடங்கிய திட்டம் இது. இதே இணைப்பு வேலைக்கான ஜாவாவின் பொது விதிகள், 2006 இல் வந்த ஜேபிஏ; அவற்றில் இதன் செல்வாக்கு அதிகம். இரண்டையும் பிரித்துப் பேசுவது கஷ்டம்.

சேமிக்கும் வேலையில் எனக்குக் குறையே இல்லை. விவசாயி ஒரு கிளாஸ், அவர் கொண்டுவரும் லோடு ஒரு கிளாஸ். மூடை எண்ணிக்கையையோ ஈரப்பதத்தையோ ஆப்ஜெக்டில் திருத்தினால் போதும், டிரான்சாக்‌ஷன் முடியும்போது எது மாறியது என்று அதுவே பார்த்து எழுதிவிடும். ஒரே விவசாயியின் பாக்கியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து திருத்துவது ஆலையில் சாதாரணம். ஒவ்வொரு திருத்தத்திலும் மாறும் வெர்ஷன் புலம் ஒன்று வைத்துவிட்டால் பிந்திச் சேமிப்பவருக்குப் பிழை வரும்; முந்தியவரின் கணக்கு அழியாது. காசு விஷயத்துக்கு இது ஒன்றே போதும்.

திரும்ப எடுப்பதில்தான் விளையாட்டுக் காட்டும். லோடு பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் விவசாயி பெயர் வேண்டும். பல லோடுகளுக்கு ஒரு விவசாயி என்ற இந்த மெனி டு ஒன் உறவை உடனே ஏற்ற வேண்டும் என்பது ஜேபிஏயின் இயல்புநிலை. ஆனால் லோடுகளை மட்டும் குவெரியில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) கேட்டால், அவற்றை எடுத்த பிறகு விவசாயிகளை ஒவ்வொருவராகத் தேடிப்போகும். 200 விவசாயி என்றால் 201 குவெரி. சிறுபோகத்தில் இது உறைக்கவே இல்லை. பெரும்போக அறுவடையில் டிராக்டர்கள் வாசலில் வரிசை கட்டியபோது கணக்குப்பிள்ளை சொன்னார்: "தம்பி, உங்கட லிஸ்ட் வாறதுக்குள்ள தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திரலாம்."

உறவை லேசியாக, அதாவது தொடும்போது மட்டும் ஏற்றும்படி, மாற்றி, பட்டியல் குவெரியில் மட்டும் இரண்டையும் ஒரே குவெரியில் சேர்த்தெடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போட்டதும் சரியாகிவிட்டது. இதிலும் ஒரு பொறி உண்டு. விவசாயியோடு அவருடைய லோடுகள் முழுவதையும் ஜாயின் ஃபெட்ச் செய்து, பக்கம் பக்கமாகவும் கேட்டால், எல்லா வரிகளையும் நினைவகத்துக்கு இழுத்து அங்கேதான் பக்கம் பிரிக்கும். பதிவுக் கோப்பான லாக்கில் ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். லாக்கை யார் வாசிக்கிறார்கள்? அப்புறம், தரவுத்தளத்தோடு பேசும் செஷன் மூடிய பின் லேசி உறவைத் தொட்டால் வரும் பிழை. அது எல்லோருக்கும் பழகிப்போனதுதான்.

டேபிள்களைத் தானே திருத்தும் அப்டேட் வசதியை நேரடிப் பாவனையில் நம்ப வேண்டாம். டேபிளில் புது நெடுவரிசையைச் சேர்க்கும். பெயர் மாற்றினால் பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்றை உண்டாக்கும். அதற்கு, டேபிள் மாற்றங்களை வரிசையாக இயக்கும் ஃப்ளைவே என்ற கருவியை வைத்திருக்கிறேன். 2022 இல் வந்த 6ஆம் பதிப்புக்கு மாறும்போது ஜேபிஏயின் பொதிப் பெயர் மாறியதால், ஜாவாக்ஸ் என்றிருந்த இம்போர்ட் எல்லாம் ஜகார்த்தா ஆனது. அலுப்பான வேலை, ஆபத்தில்லை.

போக முடிவு அறிக்கைகளுக்கு, அதாவது நெல் இனவாரியாக மொத்த நிறை, கொடுத்த காசு, பாக்கி ஆகியவற்றுக்கு, நான் நேரடி எஸ்கியூஎல்தான் எழுதுகிறேன். கூட்டிக் கழிக்கும் வேலைக்கு ஆப்ஜெக்டே தேவையில்லை. ஹைபர்நேட்டும் இப்படி நேரடியாக எழுதும் நேட்டிவ் குவெரிக்கு இடம் தருகிறது, சண்டை பிடிப்பதில்லை.