பழைய சர்வர் கார்டுகளைப் புதிய மதர்போர்டில் வைத்து ஓட்டினால்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

2010 வாக்கில் வந்த சர்வர் கார்டுகளுக்கு வீட்டில் என்ஏஎஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமித்து வைக்கும் கணினி) கட்டுபவர்களிடம் இன்றும் மவுசு குறையவில்லை. எட்டு ஹார்டு டிஸ்க்கை இணைக்க எல்எஸ்ஐ 9211-8ஐ, பத்து கிகாபிட் நெட்வொர்க்குக்கு இண்டெல் எக்ஸ்520 என்று செகண்ட் ஹேண்டில் தேடி வாங்குகிறார்கள். இரண்டுமே பிசிஐ எக்ஸ்பிரஸ் (மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டின் தரம்) 2.0, எட்டு லேன் (தரவு போகும் தடம்) கார்டுகள்.

செருகினால் வேலை செய்யுமா என்றால், அநேகமாகச் செய்யும். எந்தத் தலைமுறை ஸ்லாட்டாக இருந்தாலும் இணைப்பு முதலில் முதல் தலைமுறை வேகமான நொடிக்கு 2.5 ஜிகாடிரான்ஸ்ஃபரில்தான் தொடங்கும். பிறகு இரு பக்கமும் தாங்கும் வேகத்துக்கு ஏறிக்கொள்ளும். எப்போதாவது ஒரு கார்டு ஒரு முறை தெரிந்து மறுமுறை காணாமல் போகும். பயாஸில் அந்த ஸ்லாட்டை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஜென் 2’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையான சிக்கல் லேன் எண்ணிக்கையில் இருக்கிறது. ஏஎம்டியின் பி550 சிப்செட் போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் பொதுவாக சிப்செட்டிலிருந்து வரும் 3.0, நான்கு லேன். ‘3.0-வில் நான்கு லேன் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 4 ஜிபி, 2.0-வில் எட்டு லேனும் 4 ஜிபி, கணக்கு சரியாகிவிட்டது’ என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். சரியாகவில்லை. கார்டுக்கு 2.0 வேகத்துக்கு மேல் பேசத் தெரியாது. ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பி, நான்கு லேனுக்கு 2000 எம்பி. பாக்கெட் தலைப்புகளுக்குப் போனது போகக் கைக்கு வருவது சுமார் 1600 எம்பி. ஸ்லாட்டின் கூடுதல் வேகம் அப்படியே வீணாகிறது.

1600 எம்பி என்பது எட்டு ஹார்டு டிஸ்க்குக்கு மயிரிழையில் போதும். ஆளுக்கு 200 எம்பி வீதம் எட்டும் ஒரே நேரத்தில் ஓடும் ஸ்க்ரப்பிங் (தரவு முழுவதையும் சரிபார்ப்பது), ரீபில்ட் (மாற்றிய டிஸ்க்கில் தரவை மீண்டும் நிரப்புவது) சமயத்தில் மட்டும் விளிம்பில் நிற்கும். சாட்டா எஸ்எஸ்டி என்றால் மூன்றிலேயே குழாய் நிரம்பிவிடும். எக்ஸ்520-ல் ஒரு போர்ட் முழு வேகத்தில் ஓடும், இரண்டும் சேர்ந்து ஓடாது. ஒற்றை லேன் ஸ்லாட்டில் ரைசர் (நீட்டிப்பு அடாப்டர்) வைத்து இணைத்தால் 400 எம்பி, அதாவது மூன்று கிகாபிட் சொச்சம்தான்.

ஸ்லாட்டின் நீளத்தை நம்பாதீர்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பதினாறு லேன் நீளத்துக்கு பிளாஸ்டிக் இருக்கும், ஆனால் பல போர்டுகளில் உலோகத் தொடுமுனைகள் பாதிக்கும் முன்பே நின்றுவிடும். போர்டின் கையேட்டையும் படித்துவிடுங்கள். இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி போட்டால் கீழ் ஸ்லாட் செத்துப்போகும் போர்டுகள் ஏராளம். கார்டு எத்தனை லேனில் ஓடுகிறது என்று பார்க்க, லினக்ஸில் ரூட்டாக எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான முறையில் ஓட்டி, லிங்க் கேப், லிங்க் ஸ்டேட்டஸ் இரண்டு வரிகளையும் ஒப்பிடுங்கள். முதல் வரி கார்டின் தகுதி, இரண்டாவது இப்போதைய நிலை. இரண்டாவதில் ‘டவுன்கிரேடட்’ என்று வந்தால் விடை அதுதான்.

சர்வர் நிறுவனங்களின் பெயரில் வந்த ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும்) கார்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. கார்டைப் போட்டதும் மதர்போர்டு பூட்டே ஆகாது, அல்லது ரேம் குறைவாகக் காட்டும். காரணம் எஸ்எம்பஸ். ரேமின் விவரச் சிப்பைப் படிக்கும் அதே கம்பியில் கார்டும் குறுக்கே பேசுகிறது. சிப் இருக்கும் பக்கத்தில், பிராக்கெட் முனையிலிருந்து எண்ணினால் ஐந்தாவது, ஆறாவது தொடுமுனைகளை மறைக்க வேண்டும். மொபைல் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் மஞ்சள் ஹீட் டேப்பில் 2 மில்லிமீட்டர் அகலத் துண்டு போதும். கார்டைச் செருகும்போது டேப் சுருண்டு மேலே ஏறிவிடும் என்பதால், கீழ் விளிம்பைச் சுற்றி மறுபக்கம் கொஞ்சம் மடித்து ஒட்டுங்கள். மறுபக்கத்தில் அதே இடத்தில் இருப்பவை சோதனைக்கான ஜேடேக் தொடுமுனைகள், மறைந்தால் நஷ்டமில்லை. எட்டாவது 3.3 வோல்ட், அதைத் தொடக் கூடாது. தொடுமுனை கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்க்காதீர்கள், தங்கப் பூச்சு போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறையில் பூட் செய்யும் வசதி) இல்லாத புதிய போர்டில் 9211-ன் பழைய ஆப்ஷன் ரோம் (பூட் நேரத்தில் ஓடும் கார்டின் சொந்த நிரல்) ஓடாது. அதில் இணைத்த டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய முடியாது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்தபின் டிஸ்க்குகள் எப்போதும்போல் தெரியும். தனி எஸ்எஸ்டியில் பூட் வைத்திருப்பவர்கள் ரோமையே அழித்துவிடலாம், சிஎஸ்எம் உள்ள போர்டில் பூட் நேரமும் குறையும். டிரைவரையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இந்தச் சிப்புக்கான ஆதரவை நீக்கிவிட்டது, டெபியனில் தொடர்கிறது.

வருடக்கணக்கில் ஓடும்போது கார்டைக் கொல்வது சூடு. 9211-ன் சின்ன ஹீட்சிங்க் சர்வர் பெட்டிக்குள் இடைவிடாமல் வீசும் காற்றை நம்பிச் செய்தது. நிமிடத்துக்கு 200 அடி, அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் காற்றோட்டம் வேண்டும். வீட்டு கேபினெட்டின் கீழ் மூலையில் அது கிடைக்காது. இந்தத் தலைமுறைச் சிப் தன் வெப்பநிலையைச் சொல்லாது என்பதால் லாக்கில் டிஸ்க் டைம்அவுட், ரீசெட் என்று வரும்போதுதான் தெரியும். அப்போது டிஸ்க்கையும் கேபிளையும் மாற்றிக்கொண்டு திண்டாடுபவர்கள்தான் அதிகம். ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாவிட்டால் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை அதன் மேலேயே பொருத்துங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு என்றால் முதல் நாளே ஸ்பிரிங் பின்களைக் கழற்றுங்கள். அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் பெரும்பாலும் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடக்கும், சுரண்டிப் புதிது தடவிவிடுங்கள்.

மின் கட்டணமும் உண்டு. லிங்க் உறக்க நிலைக்குப் போகாத பழைய கார்டு, சும்மா இருக்கும் நேரத்தில் பிராசசரையும் ஆழ்ந்து உறங்க விடாது. அதனால் கார்டு தின்னும் வாட்டைவிட மொத்த ஏற்றம் அதிகமாகவே இருக்கும்.

எக்ஸ்பிரஸுக்கு முந்திய பழைய பிசிஐ சவுண்ட் கார்டு, சீரியல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு பிரிட்ஜ் அடாப்டர்தான் வழி. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மட்டுமே வரும். பிசிஐக்கு 5 வோல்ட்டும் வேண்டும். எனவே பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பு எடுக்கும் அடாப்டராகப் பாருங்கள். சில கார்டுகளுக்கு மைனஸ் 12 வோல்ட்டும் தேவை, மலிவான அடாப்டர்களில் பலவற்றில் அது இருக்காது. சவுண்ட் கார்டு தெரிந்தும் ஒலி வராமல் போனால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மலிவு பிரிட்ஜ் சிப்கள் சில இன்டரப்ட்டை (கார்டு பிராசசருக்கு அனுப்பும் அழைப்பு) சரியாகக் கடத்தாமல் தவறவிடும். அப்போது லினக்ஸ் அந்த அழைப்பு வரும் தடத்தையே (ஐஆர்க்யூ) அணைத்துவிட, கார்டு பாதியில் ஊமையாகும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எக்ஸ்ஐஓ2001 சிப் உள்ள அடாப்டர் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள், கையில் இருப்பது நான்கு லேன் ஸ்லாட் என்றால் 9211-ஐ விட்டுவிட்டு 9207-8ஐ தேடுங்கள். அது 3.0 என்பதால் அதே ஸ்லாட்டில் இரண்டு மடங்கு அகலக் குழாய் கிடைக்கும். நெட்வொர்க்குக்கு மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3. இரண்டையும் வாங்கும்முன் பிராக்கெட் முழு உயரமா, குட்டையா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.