சிங்கப்பூர் டெக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் பிள்ளைங்களுக்கு முடி வெட்ட ஒரு நல்ல கடை

டன்லப் ஸ்ட்ரீட்ல இருக்கற ஒரு சின்னக் கடை, மூணே நாற்காலி, பிள்ளைங்களுக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆனா நான் எழுதறது விலைக்காக இல்ல.

என் மகனுக்கு 7 வயசு. வார்டன்பர்க்-ஷா சிண்ட்ரோம், பொறக்கும்போதே வர்ற ஒரு அபூர்வமான ஜீன் கோளாறு. நெத்திக்கு மேல ஒரு கத்தை முடி பொறந்ததுலேர்ந்தே வெள்ளை, கண்ணு வெளிர் நீலம், ரெண்டு காதும் கேக்காது, பெருங்குடல்ல ஒரு பகுதிக்கு நரம்பு செல்லே கிடையாது. பொறந்து ரெண்டு நாளாகியும் மலம் போகல, வயிறு உப்பிடுச்சு, அப்புறம்தான் ஆபரேஷன், எல்லாம். முடிக்கும் காதுக்கும் குடலுக்கும் என்னம்மா சம்பந்தம்னு நிறைய பேர் கேட்டுட்டாங்க. கரு உருவாகற நேரத்துல முதுகுப் பக்கத்துலேர்ந்து கிளம்புற ஒரே கூட்டத்து செல்லுங்கதான் தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குது, உள்காதுக்கும் போகுது, குடல் நரம்பாவும் ஆகுது, அதுங்க சரியா போய்ச் சேரலைன்னா மூணு இடமும் அடிவாங்கும். இவனுக்கு சாக்ஸ்10 ஜீன்ல மாற்றம். வெண்குஷ்டம் இல்ல, யாருக்கும் ஒட்டாது.

முன்னாடி போன கடையில (பேர் வேணாம்) "டை அடிச்சு விட்டுருவோம்மா, கிழவன் மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சாங்க. காது கேக்கறதுக்கான காக்ளியர் மெஷின கழட்டி வச்சிருந்தான், கேக்காதுன்னு நெனச்சுட்டாங்க. அவன் உதட்ட பாத்தே பாதி புரிஞ்சிக்குவான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு தண்ணி தொட்டுத் தொட்டு அந்த வெள்ளைய பின்னாடி தள்ளிட்டே இருந்தான், எனக்கு தாங்கல.

இங்க இருக்கற அண்ணன் வேற மாதிரி. என்கிட்ட பேசறதுக்கு முன்னாடி குனிஞ்சு அவன் முகத்துக்கு நேரா "எப்படி வெட்டணும் தம்பி?"ன்னு கேட்டாரு. மெஷின கழட்டினதும் சுத்தமான டவல்ல சுத்தி என் கையில குடுத்தாரு, முடி எதுவும் உள்ள போயிடக் கூடாதுன்னு. கிளிப்பர ஆன் பண்ணி முதல்ல தன் உள்ளங்கையில வச்சாரு, அப்புறம் இவன் விரல தொட வச்சாரு, அந்த அதிர்வு தெரிஞ்சப்புறம்தான் தலைக்கு கொண்டு போனாரு. காதுக்கு மேல தோலுக்கு அடியில அந்த மெஷினோட உள்பாகம் (இம்ப்ளாண்ட்) இருக்கற இடத்துல கத்தரி மட்டும்தான். பக்கம் மாறும்போதெல்லாம் தோள்ல ஒரு தட்டு, கண்ணாடில ஒரு பார்வை.

பாதியில அவசரமா பாத்ரூம் போகணும்னான். குடல்ல ஆபரேஷன் பண்ண பிள்ளைக்கு அடக்கச் சொல்ல முடியாதுங்க. அண்ணன் துணிய அவுத்துவிட்டு பின்னாடி கதவ காமிச்சாரு, முகம் சுளிக்கல, அடுத்த ஆள நாற்காலில உக்கார வைக்கவும் இல்ல, காத்திருந்தாரு.

குறைன்னா ஞாயித்துக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது, லீவு நாள்ல ஊர்லேர்ந்து இங்க வேலைக்கு வந்த தம்பிங்க எல்லாம் அங்கதான். கார்டு கிடையாது, காசா எடுத்துட்டுப் போங்க. வார நாள்ல மத்தியானம் 3 மணி வாக்குல போனா நிதானமா செய்வாரு.

வெள்ளைக் கத்தைய அவன் கேட்டபடியே முன்னாடி நீளமா விட்டாரு. எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் அத ஊதி ஊதி விட்டுட்டே நடந்து வந்தான்.